பாறைகளுக்கு நடுவே ஒரு கிடாரம்

கூடாரத்து ஆணி இன்னொன்றும் வளைந்தது. மண் போலத் தெரிந்த இடத்தில்தான் அடித்தேன். இரண்டு விரல் ஆழத்தில் பாறை. கொஞ்சம் தள்ளி அடித்தேன். அங்கும் பாறை. நிமிர்ந்து பார்த்தால் மலைச்சரிவு முழுக்கப் பாறை. யானை அளவில் சில, அலுமாரி அளவில் பல. யாரோ லொறி லொறியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனதுபோலக் கிடந்தன. ஜேர்மன்காரர் அந்த இடத்தைப் பாறைக்கடல் என்கிறார்கள்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. அந்த வருடம் ஜேர்மனியில் மழை பெய்ய மறந்துபோயிருந்தது. புல் காய்ந்து வைக்கோலாகிக் கிடந்தது. பாறைகள் காலையிலேயே சூடேறி, பின்னேரம்வரை அனலை விட்டுக்கொண்டிருந்தன. தங்குமிடம் என்ற பெயரில் அங்கே இருந்தவை ஒரு காய்ந்த வெளி, சரிவின் கீழே ஒரு தண்ணீர்க் குழாய், பலகையால் அடித்த ஒரு கக்கூஸ், நெருப்பு மூட்டக் கல்லால் வட்டம் கட்டிய ஓர் இடம், அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது.

என் மனைவி சுகந்தி ஒரு தட்டைக் கல்லில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஆணி அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. கூடாரம் அடிப்பது. தேநீர் வைப்பது. பிறகு அவளிடம் ஒரு கேள்வி கேட்பது. அந்தக் கேள்வியை ரயிலில் வரும்போதே மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "சுகந்தி, நீர் இஞ்ச என்னோட இருக்கப்போறீரோ, இல்லாட்டிக் கனடாவுக்குப் போகப்போறீரோ?"

அடுத்த ஆணியைக் கையில் எடுத்தபோது கீழே பாதையில் ஒரு வானின் ஹோர்ன் கேட்டது. தொண்டை கட்டிய சேவல்போலக் கத்தும் ஹோர்ன். நாங்கள் இருக்கும் ஹம் நகரத்தில் ஒரேயொரு வான்தான் அப்படிக் கத்தும்.

வான் வந்து நின்றது. பின்கதவு திறந்தது. முதலில் இறங்கியது ஒரு பெரிய சோற்றுக் கிடாரம்.

ரகசியக் குரலில் ஒரு குடும்பம்

அந்தக் கிடாரம் இறங்கியதன் முழுக் கொடுமையும் விளங்குவதற்கு எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. குமார், சின்னராசன், நான் என்று மூன்று தனிக்கட்டைகள் அதில் வருடக்கணக்காக இருந்தோம். எனக்குக் கல்யாணம் பேசி, சுகந்தி வந்து இறங்கி, வாடகை மண்டபம் ஒன்றில் தாலியும் கட்டியானபோது நண்பர்கள் இருவரும் பெருந்தன்மையாக ஓர் அறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். வேறு வீடு கிடைக்கும்வரை மற்ற அறையில் இருக்கிறோம் என்றார்கள். வேறு வீடு கிடைக்கவில்லை. சுகந்தியின் கத்தரிக்காய்ப் பால்கறியைச் சாப்பிட்ட பிறகு அவர்கள் தேடவும் இல்லை.

இரண்டு அறைக்கும் நடுவே இருந்ததைச் சுவர் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஒருநாள் சுகந்தியிடம் மெதுவாக, "நித்திரை வருதோ?" என்று கேட்டேன். "இன்னும் இல்லை மச்சான்" என்று குமார் பதில் சொன்னான்.

சின்னராசனுக்குப் பாண் பேக்கரியில் இரவு வேலை. பகலில் தூங்குவான். ஆகவே பகலிலும் நாங்கள் குசுகுசுத்துத்தான் பேச வேண்டும். சாப்பிட்டீரா, குளிருதா, கடைக்குப் போகவேணுமா. குசுகுசுத்துப் பேசினால் இவ்வளவுதான் பேச முடியும். கல்யாணமாகி அரை வருடத்துக்கு மேலாகியும் என் மனைவியின் உண்மையான குரல் எப்படியிருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது.

அவள் வாய்விட்டுப் பேசுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அன்று பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து அவளுடைய அண்ணன் தொலைபேசியில் வருவார். கடல்தாண்டிப் பேசுவதால் கத்த வேண்டும் என்று நினைப்பவர். அங்கே ஒன்றும் சரிவராவிட்டால் இங்கே வந்துவிடு, படிக்கலாம், வேலை செய்யலாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்வது கூடத்தில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும். சுகந்தி ஒவ்வொரு வாரமும் ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"பாப்பம்."

பாப்பம், அதாவது பார்ப்போம் என்றால் என்ன? யாழ்ப்பாணத்தாருக்கு இதைவிட வசதியான சொல் கிடையாது. பிடிக்காத வீட்டுக்காரர் விருந்துக்குக் கூப்பிட்டால் பாப்பம். சீட்டுப் போடச் சொன்னால் பாப்பம். கையில் பிடிபடாத சொல் அது. ஒவ்வொரு ஞாயிறும் அது காதில் விழும். அவள் போய்விடுவாளோ என்ற பயம் அடுத்த ஞாயிறுவரை கூடவே இருக்கும். அவளிடம் கேட்கவும் முடியவில்லை. இப்படிப்பட்ட கேள்வியைக் குசுகுசுத்துக் கேட்டுக் குமாரிடமிருந்து பதில் வாங்க எனக்கு விருப்பமில்லை.

ஹோர்ஸ்டின் வைத்தியம்

நான் வேலை செய்தது ஜன்னல் சட்டங்கள் செய்யும் தொழிற்சாலையில். எங்கள் மேற்பார்வையாளர் ஹோர்ஸ்ட். நல்ல மனுசன். என் முகத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் நிலைமையைச் சொன்னேன். அவர் அடுத்தநாளே தன் கூடாரத்தைக் கொண்டுவந்து தந்தார். இரண்டு பேருக்கானது. பாறைக்கடலுக்குப் போகும் வழியையும் சொன்னார். காடு, நெருப்பு, மனைவி, தொலைபேசி இல்லாத இடம். இவை சேர்ந்தால் தீராத பிரச்சினை இல்லை என்பது அவருடைய கொள்கை. அவர் இரண்டு தரம் விவாகரத்துச் செய்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

இதை வேறு யாருக்கும் நான் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாதா? நம்மவர்கள் புதுமணத் தம்பதியைத் தனியே விடமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் துணை, விசா அலுவலகத்துக்குப் போனாலும் துணை. அங்கே கொடுக்கும் நேரத்தை நாங்களும் ஜேர்மன் சொல்லால் டெர்மின் என்போம். எங்கள் டெர்மின் ஒன்றுக்கு ஒன்பது பேர் வந்து, உள்ளே இருந்த அதிகாரி எழுந்து நின்றுவிட்டார்.

ஆகவே குமாரிடமும் சின்னராசனிடமும் பொன் என்ற ஜேர்மன் நகரத்தில் ஒரு கல்யாணவீடு என்று சொல்லிவிட்டு, கூடாரத்தைத் துணிப்பைக்குள் மறைத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் ரயில் ஏறினோம்.

கைன் ப்ரொப்ளெம்

கிடாரத்துக்குப் பின்னால் பரமண்ணை இறங்கினார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி ராணியக்காவும் இரண்டு பெண் பிள்ளைகளும். கடைசியாக, தலையணைகளைக் கட்டிப்பிடித்தபடி குமாரும் சின்னராசனும்.

"வீடு வெறிச்சோடிப்போச்சு மச்சான்" என்றான் குமார். பொன் நகரத்துக் கல்யாணத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் அவனிடம் இருந்தது.

பரமண்ணையும் என்னோடு அதே தொழிற்சாலையில்தான் வேலை. ஹோர்ஸ்ட்தான் அவரிடம் உளறியிருக்கிறார் என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டினேன். மனதுக்குள் ஹோர்ஸ்டை ஏசிய ஏச்சு நான் எழுதும் இந்தப் பத்திரிகையில் அச்சாகாது. வாயால் சொன்னது, "வாங்கோ அண்ணை, வாங்கோ அக்கா" என்பதுதான்.

அந்தக் கிடாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாக்களில் ஐம்பது அறுபது பேருக்குச் சோறு வேகும் பாத்திரம் அது. யாருடைய வீட்டில் விசேஷம் என்றாலும் ராணியக்காவின் கிடாரம் போகாமல் அடுப்பு எரியாது. அதன் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினால்தான் ஹம் நகரத்தில் ஒருவன் ஆண்பிள்ளை.

பரமண்ணை மூன்று கல்லை உருட்டி அடுப்பு வைத்தார். இடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜேர்மன்காரக் கிழவி நாயோடு வந்துவிட்டார். ஒரு கூடாரத்தில் இரண்டு பேர்தான் தங்கலாம், கல்வட்டத்துக்குள்தான் நெருப்பு, எட்டுப் பேர் என்று முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பரமண்ணை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, "கைன் ப்ரொப்ளெம்" என்றார். பிரச்சினை இல்லை என்று அர்த்தம். கிழவி பிரச்சினைகளை அடுக்க, இவர் பிரச்சினை இல்லை என்றே சொல்ல, கடைசியில் கிழவி களைத்துப்போனார். நெருப்பு கல்வட்டத்துக்கு மாறியது. கிடாரம் அந்த வட்டத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

அங்கே இன்னும் இரண்டு ஜேர்மன் சோடிகள் இருந்தார்கள். உள்ளங்கை அளவு அடுப்பில் பைக்கற் சூப் காய்ச்சிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, எவ்வளவு நிம்மதியாக இருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ராணியக்கா செத்தல் மிளகாயைத் தாளித்ததும் ஒரு சோடி தும்மியபடி கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு மேலே போய்விட்டது. மற்றச் சோடி தட்டோடு வந்தது.

கறிக்குக் காவல்

ஆட்டிறைச்சிக் கறியை அக்கா வீட்டிலேயே சமைத்துச் சட்டியில் கொண்டுவந்திருந்தார். மூடியின்மேல் ஒரு கரித்துண்டும் ஒரு பெரிய இரும்பு ஆணியும். இறைச்சிக் கறியைக் காட்டுவழியாகக் கொண்டுபோனால் பேய் பின்னால் வரும், கரியும் இரும்பும் இருந்தால் அண்டாது என்பது எங்கள் ஊர் வழக்கம்.

"ஜேர்மன் காட்டில எங்கட பேய் எங்க வரப்போகுது?" என்றார் பரமண்ணை.

"பேய்க்கென்ன விசாவோ வேணும்?" என்றார் அக்கா.

அந்த ஆணியைப் பார்த்ததும் பரமண்ணைக்கு யோசனை பிறந்தது. அதை எடுத்துக் கூடாரத்தின் ஒரு மூலையில் வைத்து ஓர் அடி அடித்தார். இரண்டு பாறைக்கு நடுவே இருந்த வெடிப்பில் அது கச்சிதமாக இறங்கியது. அன்று வளையாத ஆணி அது ஒன்றுதான். அதன் தயவில், வளைந்த மற்ற ஆணிகளும் ஏதோ பிடித்துக்கொண்டிருக்க, கூடாரம் ஒருவாறு எழுந்து நின்றது.

படுக்கும் ஏற்பாட்டை அக்கா அறிவித்தார். பெண்கள் கூடாரத்தில். ஆண்கள் வானில். இரண்டு பேருக்கான கூடாரத்தில் நான்கு பேர் படுப்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நான் ஹோர்ஸ்டின் தேனிலவு வைத்தியத்தைப் பரமண்ணையின் பக்கத்தில் படுத்து அனுபவிக்கப் போகிறேன் என்பதைப் பற்றியும் யாரும் கவலைப்படவில்லை.

பொழுது மங்கத் தொடங்கியபோது அக்காவுக்குக் கறியின் ஞாபகம் வந்தது. மிச்சக் கறி கிடக்கிறது, காவல் இல்லை. நேரே போய் ஆணியைப் பிடுங்கினார். கூடாரம் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுகந்தியும் பார்த்தாள். காலையிலிருந்து நான் அடித்த அடி, வளைந்த ஆணிகள், ரயில் செலவு, ஒத்திகை பார்த்த கேள்வி எல்லாம் ஒரேயடியாக ஞாபகத்துக்கு வந்தன.

"பரவாயில்லை அக்கா" என்று சொல்லிவிட்டு வானுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். பரமண்ணையின் குறட்டையைப் பற்றி எழுத இன்னொரு வாரம் வேண்டும்.

குழாயடியில்

காலையில் இறங்கிப் பார்த்தால் கூடாரம் நிமிர்ந்து நின்றது. ஆணியே இல்லை. கயிறுகள் ஒவ்வொன்றும் ஒரு கல்லைச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தன. துணியைத் தட்டினால் மேளம்போலச் சத்தம் கேட்கும், அவ்வளவு இறுக்கம். அக்காவின் கைவேலைதான் என்று நினைத்து வாயாரப் புகழ்ந்தேன். அக்கா மறுக்கவும் இல்லை.

கிடாரம் கழுவத் தண்ணீர் வேண்டும் என்றார் அக்கா. நான் கலன்களை எடுத்தேன். "நானும் வாறன்" என்று சுகந்தி ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

குழாய்க்குப் போகும் வழி பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும். இரண்டு வளைவு தாண்டியதும் வானும் தெரியவில்லை, ஆட்களும் தெரியவில்லை. பாறைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"கோவமோ?" என்று கேட்டாள்.

முழுக் குரலில் கேட்டாள். நான் நினைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கனத்த குரல். பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் அடைத்துக் கிடந்ததெல்லாம் அவிழ்ந்துவிட்டது. ஹோர்ஸ்டை ஏசினேன். அந்த மனுசனுக்கு வாயில் ஒன்றும் நிற்காது, அவரை நம்பியது என் பிழை என்றேன். நாளைக்குப் போய் அந்தக் கூடாரத்தை அவருடைய தலையில் போடுகிறேன் என்றேன்.

அவள் கலனைக் கீழே வைத்தாள்.

"அந்த மனுசனை ஏசாதேங்கோ. நான்தான் ராணியக்காவை வரச் சொன்னனான்."

எனக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீங்கள் காடு எண்டனீங்கள். கூடாரம் எண்டனீங்கள். கூடாரத்தில இருந்து தப்பித்தானே நான் வந்தனான். திரும்பவும் அதோ எண்டு நினைச்சன். உங்களையும் எனக்குத் தெரியாது. தெரியாத ஆளோட எப்பிடித் தனியக் காட்டுக்குப் போறது?"

முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. போரில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அவள் வீட்டாரோடு வன்னிக் காட்டுக்குப் போனவள். அங்கே கூடாரமாகக் கட்டிய தரப்பாளின் கீழ் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் இருந்தவள். இது எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாளும் நான் கேட்டதில்லை. குளிருதா, சாப்பிட்டீரா என்பதோடு என் அக்கறை முடிந்துபோயிருந்தது. மிகவும் வெட்கமாக இருந்தது.

"அப்ப உந்தக் கயிறுகள்?"

"நான்தான் கட்டினனான். ஆணி இறங்காட்டிக் கல்லில கட்டவேண்டியதுதானே. தரப்பாள் அப்பிடித்தான் கட்டுறது."

"நேற்று முழுக்க நான் அடிச்சுக்கொண்டு நிண்டன். பாத்துக்கொண்டெல்லோ இருந்தனீர். ஏன் சொல்லேல்லை?"

"பாப்பம் எண்டு இருந்தனான்."

"என்னத்தை?"

"எப்ப கத்துவியள் எண்டு." சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "ஆணி வளைஞ்சுது, கத்தேல்லை. வான் வந்துது, கத்தேல்லை. அக்கா ஆணியைப் பிடுங்கினா, அப்பவும் பரவாயில்லை எண்டியள்."

அந்த நேரங்களில் மனதுக்குள் நான் என்னென்ன கத்தினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்து இங்கேதான் எழுதுகிறேன். சுகந்தி இந்தப் பத்திரிகையில் சமையல் பக்கம் மட்டும்தான் படிப்பாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கனடாக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அதற்கும் பாப்பம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கலன்களை நிரப்பிக்கொண்டு ஏறினோம்.

வான் புறப்பட்டது

பின்னேரம் சாமான்களை ஏற்றினார்கள். நான் முடிச்சுகளை அவிழ்த்து, கூடாரத்தைச் சுருட்டி, அதைத் தூக்கிக்கொண்டு வானை நோக்கி நடந்தேன். வேலைக்குப் போக வேண்டிய திங்கட்கிழமை மனதில் வந்து உட்கார்ந்துவிட்டது. வந்த காரியம் ஆகவில்லை.

சுகந்தி வழியில் வந்து நின்றாள். என் கையிலிருந்த கூடாரத்தை வாங்கி நிலத்தில் வைத்தாள்.

"அக்கா, நீங்கள் போங்கோ. நாங்கள் நாளைக்கு பஸ் பிடிச்சு வாறம். வேலையில அண்ணை சொல்லட்டும்."

பரமண்ணை கைன் ப்ரொப்ளெம் என்றுகூடச் சொல்லவில்லை. குமார்தான் முதலில் வாயைத் திறந்தான். அப்படியென்றால் தானும் சின்னராசனும் நிற்கலாம், துணைக்கு ஆள் வேண்டும்தானே என்றான்.

ராணியக்கா அவனுடைய தோளைப் பிடித்துத் திருப்பினார். "ஏறடா வானில."

பிறகு சுகந்தியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கிடாரத்துக்க மத்தியானச் சோறு கிடக்கு. வைச்சிருங்கோ. ஆனா கிடாரம் பத்திரமா வந்து சேரவேணும்."

சேவல் ஹோர்ன் ஒருதரம் கத்தியது. வான் போய்விட்டது. பாறைகளுக்கு நடுவே நானும் சுகந்தியும் ஐம்பது பேருக்கான கிடாரமும் நின்றோம்.

கூடாரத்தைத் திரும்ப அடித்தோம். கல்லில் முடிச்சுப் போட அவள் காட்டித்தந்தாள். நான் போட்டதெல்லாம் நழுவியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் பாறைகள் திருப்பித் தந்தன. அன்று இருட்டும்வரை பேசினோம். வன்னியைப் பற்றிப் பேசினாள், அண்ணனைப் பற்றிப் பேசினாள். சத்தமாகப் பேசினோம். குமார் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

கனடாவுக்குப் பதில்

மறுநாள் அந்தக் கிடாரத்தை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். என்ன கட்டணம் போடுவதென்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் சைக்கிள்கள் நிற்கும் பெட்டியில் வைத்து, சைக்கிளைக் கட்டும் பட்டியால் கட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் கிடாரத்தை வைக்க இடமில்லை. கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தோம். வைத்துக் கை எடுக்கவில்லை, மணி அடித்தது. ரொறன்ரோ அண்ணன். ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு அடித்திருக்கிறார், ஆள் இல்லை. ராணியக்கா வீட்டுக்கு அடித்திருக்கிறார், அங்கும் ஆள் இல்லை. ஹம் நகரத்துத் தமிழரை எல்லாம் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து மனுசன் இரவிரவாக நித்திரை கொள்ளவில்லையாம்.

அவருடைய பதற்றம் தீர்ந்தபிறகு வழக்கமான கதைக்கு வந்தார். அங்கே சரிவராது, இங்கே வா. குமாரும் சின்னராசனும் தட்டோடு கூடத்தில் நின்றார்கள். நான் இன்னும் கிடாரத்தின் காதைப் பிடித்தபடி நின்றேன்.

சுகந்தி கிடாரத்தைப் பார்த்தாள். பிறகு முழுக் குரலில் சொன்னாள்.

"ஏலாது அண்ணா. ராணியக்கான்ர கிடாரம் இஞ்ச கிடக்கு. அதைக் குடுக்கவேணும்."

கொடுத்துவிட்டு வா என்று அவர் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. அவள் சிரித்துக்கொண்டு தொலைபேசியை வைத்துவிட்டாள்.

குமாரும் சின்னராசனும் பிறகு தங்களுக்கென்று வீடு பார்த்துப் போனார்கள். நாங்களும் இரண்டு வீடு மாறிவிட்டோம். மாறும்போதெல்லாம் அந்தக் கிடாரமும் வந்தது. இப்போது நிலவறையில் இருக்கிறது. திருவிழா நெருங்கும்போது ராணியக்கா தொலைபேசியில் வருவார். என்ர கிடாரத்தை எப்ப பிள்ளை தரப்போறாய் என்று கேட்பார். சுகந்தி என்னை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்வாள்.

"பாப்பம் அக்கா."